தறிமேல் ஏறிய கம்ப்யூட்டர்

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் தறி, மறுபக்கம் கம்ப்யூட்டர். இரண்டும் சேர்ந்து ஓடாது. தறி அதிர்ந்தே இரண்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டன. அதனால் நான் புடவை டிசைன் போடும்போது கணவர் சும்மா இருப்பார். அவர் நெய்யும்போது நான். முகூர்த்தப் புடவை எதுவும் சொன்ன நாளில் முடியாது.

மூன்றாவது ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனபோது, கடைக்காரர் அதற்குப் பதிலாகப் புதிதாக வந்திருந்த எஸ்எஸ்டியை நீட்டினார். "ஹார்ட் டிஸ்க் மாதிரி இதுல உள்ள சுத்துறது எதுவும் இல்லமா, அதிர்ந்தாலும் கெடாது."

கணவர் பட்டுப்புடவையைப் பார்ப்பதுபோல அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். "கனமே இல்லியேபா, எப்படி நம்புறது?" எனக்கும் அதே சந்தேகம்தான்.

கடைக்காரர் கோபப்படவில்லை. வீட்டுக்கே வந்து அதை மாட்டினார். சிபியுவைத் தூக்கித் தறிப் பலகைமேலேயே வைத்துவிட்டு, "இப்ப நெய்ங்க" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தறி தடதடத்தது. திறந்து பார்த்தால், திரையில் நான் போட்ட மயில் டிசைன் அப்படியே நிற்கிறது! மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

கடைக்காரர் போன பிறகும் கணவர் தறியை நிறுத்தவில்லை, நானும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரே கூடத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்வது இவ்வளவு சந்தோஷமா என்று அன்றுதான் தெரிந்தது.

"காபி போடுறியா?" என்று தறிச் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"வேலையா இருக்கேன், நீங்களே போடுங்க!" என்று நானும் கத்தினேன்.