காலுறையின் உள்பக்கம்

சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், என் கணவரின் பாதங்கள் மரத்துப்போய் மூன்று வருடமாகிறது. உப்பளத்தில் உப்பு வாரிய மனிதர், அதன்பிறகு அங்கேயே வாசல் காவலுக்கு மாறினார். ஒருநாள் செருப்புக்குள் சிப்பித் துண்டோடு வீடு வந்து சேர்ந்தார். குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. கிளினிக்கில் நர்ஸ் மிஸி என்னைத்தான் ஏசினார்.

"சப்பாத்துப் போடச் சொல்லுங்க. உள்ளுக்கு வெள்ளை மேஸ் போடணும். ரத்தம் பட்டா உடனே தெரியும். அந்தியில கழட்டிப் பாருங்க."

வெள்ளைக் காலுறை என்றதும் மனிதர் முகத்தைச் சுளித்தார். "நான் என்ன ஸ்கூல் புள்ளயா?"

ஜோர்தானில் வீட்டுவேலை செய்த காலத்தில் பின்னல் பழகியவள் நான். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, நானே பின்னித் தருகிறேன் என்றேன். புத்தளம் டவுனில் பருத்தி நூல் வாங்கினேன். சாதாரணமாக இரண்டு நிறத்தில் பூப்போட்டால் உள்பக்கம் நூல்கள் குறுக்கே தொங்கும். அதில் விரல் மாட்டினால் அவருக்குத் தெரியாது. அதனால் போனில் வீடியோ பார்த்து இரட்டைப் பின்னல் பழகினேன். ஒரு கண்ணி வெளிப்பக்கத்துக்கு, அடுத்த கண்ணி உள்பக்கத்துக்கு. இரண்டு துணிகள் ஒன்றாகவே வளரும், நூல் எங்கேயும் தொங்காது.

பூவே இல்லாமல் பின்னியிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. வெளியே சிவப்பில் வெள்ளைப் பூ விழும் இடமெல்லாம் உள்ளே வெள்ளையில் சிவப்புப் பூ விழும். இந்தப் பின்னல் அப்படித்தான். பாதத்தின் மேலோடாவது நிறுத்தியிருக்கலாம். சப்பாத்துக்குள் மறைகிற விரல் நுனிவரை போட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

பள்ளிவாசல் படியில் சப்பாத்தைக் கழற்றும்போது யாராவது கேட்டால், "என்ட பொஞ்சாதி பின்னின" என்பாராம். கேட்காதவர்களிடமும் சொல்லியிருப்பார்.

தினமும் மஃரிப் தொழுகைக்கு முன் காலுறையைப் புரட்டி வெளிச்சத்தில் பார்ப்பேன். வெள்ளையில் ஒரு பொட்டும் இருக்காது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாளியில் ஊறப்போடுவேன். துணியைத்தான் பார்த்தேன். காலையும் தூக்கிப் பார்க்க எனக்குப் புத்தி இருக்கவில்லை.

ஒருநாள் ஊறப்போட மறந்து, மறுநாள் காலையில் எடுத்தேன். சின்னவிரல் பக்கத்துப் பூ மட்டும் அப்பளம்போல் விறைத்திருந்தது. விரலால் சுரண்டினேன். பூவின் சிவப்பு என் நகத்தோடு உரிந்து வந்தது. ஓடிப்போய் அவர் காலைப் பிடித்து விரல்களை விரித்தேன். உள்ளே கறுத்திருந்தது.

புண் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டிக் காலை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின்னும் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "ரத்தம் பூவுக்குள்ள இருந்திருக்கு. ஒவ்வொரு நாளும் பாத்தும் எனக்கு விளங்கல்ல. நான் பூப் போடாம இருந்தா உங்கட கால் இருந்திருக்கும்."

"எனக்கு முதலே தெரியும் புள்ள" என்றார் அவர். "ரத்தத்த நான் கண்டேன். சொன்னா வேலைக்கு உட மாட்டாய் எண்டு ஒளிச்சிட்டேன். பிழை என்னில."

சீனி அவர் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. போனில் இலக்கத்தை நான்தான் அழுத்திக் கொடுக்கிறேன். நல்ல கண்ணுள்ள எனக்கே தெரியாத ரத்தத்தை அவர் எங்கே கண்டார்? இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு பொய் சொல்லாத மனிதர்.

அந்தப் பொய்யைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. "ஏன் ஒளிச்சீங்க? என்னட்டச் சொல்ல ஏலாதா?" என்று குரலை உயர்த்தி ஏசினேன். செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கிக்கொண்டு, அவர் தலையைக் குனிந்தபடி இருந்தார்.