அம்மாவின் அப்பாவுக்கு ஓர் இலை

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் படையல் போடுவோம். இறந்துபோனவர்களுக்கு அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துத் தனித்தனி இலையில் பரிமாற வேண்டும். என் அப்பாவுக்கு ஆட்டுக்கறி, கூடவே ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர். உயிரோடு இருந்தபோது ஒளித்துவைத்துக் குடித்ததை இப்போது அம்மாவே திறந்து வைப்பாள். அம்மாவைப் பெற்ற பாட்டிக்குக் கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. அம்மாவின் அப்பாவுக்கு மட்டும் இலை கிடையாது.

அவர் பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அப்போது கைக்குழந்தை. போனவர் திரும்பவில்லை, செத்துவிட்டார் என்று வந்து சொன்னவரும் இல்லை. பாட்டி கடைசிவரை பொட்டும் தாலியுமாக இருந்தே கண்ணை மூடினாள். அதன் பிறகு அந்தப் பிடிவாதம் அப்படியே அம்மாவுக்கு வந்துவிட்டது.

"உசுரோட இருக்கறவங்களுக்குப் படையல் போட்டா ஆயுசு கொறைஞ்சிடும்டி" என்பாள்.

"உங்கப்பாவுக்கு இப்ப நூறு வயசுக்கு மேல இருக்கும்மா."

"இருக்கட்டுமே. நல்லா இருக்கட்டுமே. உனக்கு எங்க வலிக்குது?"



கடலுக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. பாலத்தைத் தாண்டிப் போய், பாலத்தைத் தாண்டி வந்து, மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். சயாமுக்குப் போன அப்பாவை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடம் முட்டி மோதிப் போன வருடம்தான் எழுதி முடித்தேன். என் கதைப் பெண் தினமும் ஜெட்டிக்கு, அதுதான் படகுத்துறைக்கு, போய்க் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதிகம் பேசமாட்டாள். தன் கல்யாணத்தில்கூடச் சிரிக்கமாட்டாள். பத்திரிகையில் வந்ததும் என் கணவர் அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"யாருடி இவ? எந்நேரமும் ஜெட்டியில போய் நிக்கிறா. வீட்டுல வேலவெட்டி இல்லியா?" என்றாள் அம்மா.

"அப்பா இல்லாத பொண்ணும்மா."

"நானும்தான் அப்பா இல்லாத பொண்ணு. நான் போய் நின்னேனா?"

நிற்கவில்லைதான். பாசாரில் மீன்காரனோடு மல்லுக்கு நிற்பாள், சினிமாவில் எல்லாருக்கும் முன்னால் சிரித்துத் தொலைப்பாள். ஆனால் கதையென்றால் கொஞ்சம் சோகம் வேண்டாமா? எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இந்த வருடம் அம்மா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, தீபாவளி நெருங்கும்போது, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் எங்கப்பாவுக்கும் ஒரு எல போடணும்."

நான் வாயைப் பிளந்தேன்.

"நான் போயிட்டா அவருக்கு யாரு போடுவா? அவருக்குன்னு இருக்கறது நான் ஒருத்திதான் லா."

அவரை ஒருவழியாக அனுப்பிவைக்க மனது வந்ததே என்று நிம்மதியாக இருந்தது. தன் முறையையும் சேர்த்து நினைக்கிறாளே என்று பயமாகவும் இருந்தது. லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு வேட்டி வாங்கி வந்தோம். முகமே தெரியாத ஆளுக்குச் சட்டை எடுக்க முடியாது. வேட்டிக்கு அளவு கேட்கமாட்டார்கள், நல்லவேளை.

படையலன்று காலையில் என் கணவர் பாசாரிலிருந்து குடம் மாதிரி ஒரு மீன்தலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"அத்தை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அம்மா புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவுக்குத்தான். புளி தூக்கலா வச்ச மீன்தலைக் கறின்னா அவருக்கு உசுராச்சே. நீதானே எழுதியிருக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன்தலைக் கறி என் கதையில் வரும் அப்பாவுக்குப் பிடித்தது. பாட்டி என்னிடம் சொல்லி, அதைத்தான் நான் கதையில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"அம்மா, அது நானா எழுதுனது. பாட்டி ஒண்ணும் சொல்லல."

"நானான்னா?"

"கதைக்காக. அவருக்கு என்ன புடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையை உதறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் தெரியாது. அப்பாவைப் பற்றிக் கேட்டால் பாட்டி அழுவாள் என்பதால் எதையும் கேட்காமலே வளர்ந்தவள். ஊர் முழுக்கச் சத்தமாகப் பேசிவிட்டு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டவள்.

"என்னமோ ஒண்ண வச்சா யாருக்கோ போட்ட மாதிரில்ல ஆயிடும்" என்றாள். "இது நமக்குத்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்? வேணாம் வுடு. அந்த வேட்டிய யாருக்காவது குடுத்துடு."

நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மத்தியானம் மாத்திரை போட வேண்டுமே என்று முதல் நாள் மீன்கறியைச் சூடாக்கிச் சோறு போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல ஒரு பீசாங் மாஸ் வாழைப்பழத்தை உரித்து, மீன்கறிச் சோற்றோடு போட்டுப் பிசைந்தாள். எங்கள் வீட்டில் வேறு யாரும் இப்படிச் சாப்பிடுவதில்லை. பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

ஏற்கெனவே இருந்த எரிச்சலில், "இந்தக் கண்றாவிப் பழக்கம் யாருகிட்டேருந்து வந்துச்சும்மா?" என்று கேட்டுவிட்டேன். "பாட்டிகூட இப்படித் தின்னு நான் பாத்ததில்லையே."

பிசைந்த கை நின்றது.

"எங்கம்மாவுக்கு இது ஆகவே ஆகாது" என்றாள் மெதுவாக. "சின்னப் புள்ளையில நான் இப்படிப் பெசஞ்சா திட்டுவா. திட்டிட்டு மூஞ்சத் திருப்பிக்குவா, கண்ணு கலங்கியிருக்கும். ஆனா பழம் வாங்கறத மட்டும் நிறுத்தவே இல்ல."

பிசைந்ததில் ஒரு வாய் எடுத்துத் தின்றாள்.

"என் மூக்கு அவளுது. கோவம் அவளுது. முட்டிவலியும் அவளுதுதான். எங்கிட்டேருந்து எங்கம்மாவக் கழிச்சுப் பாரு. மிச்சம் யாருடி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாக, இல்லாத அப்பாவை வைத்தே என் கதைப் பெண்ணைச் செய்துகொண்டிருந்தேன். அவளிடம் இருக்கிற அப்பாவைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அவளை ஜெட்டியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பிட உட்கார வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். வாயடிப்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

சாயங்காலம் மூன்று இலை விரித்தோம். மூன்றாவது இலையில் சோறும் மீன்கறியும் வைத்து, பழம் இரண்டை உரித்து அம்மா தன் கையாலேயே வைத்தாள். பக்கத்தில் வேட்டி. சூடம் காட்டிய பிறகு அவரவர் உறவைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் என் அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மா தன் அம்மாவைக் கூப்பிட்டாள். மூன்றாவது இலைக்கு முன்னால் வாயைத் திறந்தவளுக்குச் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கப்பா, எங்கப்பா என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாளே தவிர, யாரையும் அவள் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. எண்பதைத் தாண்டிய வயதில் அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொல்லப் போகிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். பிறகு பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி, "அப்பா! வாங்கப்பா, சாப்பிட வாங்க!" என்றாள்.

அவர்கள் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா சட்டென்று திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ். எங்கப்பா சாப்பிடறாரு."