அணையக் கூடாத விளக்கு

என் மனைவி ஒரு கிலோ வெங்காயம் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பவள். பன்னிரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி போகாது என்று நான் கேலி செய்வேன். இந்த வருடம் அந்தக் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் ஊர் செடெனாக்கில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். வெயிலும் மழையும் தின்று முதுகு போய்விட்டது. வீட்டிலிருந்தே ஒரு மாதம் செய்து பார்க்கட்டும் என்று மேலாளர் ஒருவழியாகச் சம்மதித்தார். சரிப்பட்டு வராவிட்டால் மறுபடியும் அதே நாலு மணி, அதே பாலம்.

சந்தோஷத்தில் நேர்ந்துகொண்டேன்: நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், சாமி மேடையில் விளக்கு அணையக் கூடாது. எண்ணெய் விளக்கென்றால் யார் காவல் இருப்பது? தாமரை வடிவில் ஒரு மின்விளக்கு மலிவாகக் கிடைத்தது. வேலை தொடங்கிய அன்று காலையிலேயே, என் மேசையிலிருந்து வயர் இழுத்து அதை மாட்டினேன்.

அன்றைக்கே தொல்லை ஆரம்பித்தது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே கணினித் திரை இருண்டுவிடும். இரண்டு மூன்று நொடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் திரும்ப வரும். அதற்குள் நான் சொல்லவந்ததை மறந்து திருதிருவென்று விழிப்பேன். கேபிளை மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரரின் வெல்டிங் மிஷினைத் திட்டித் தீர்த்தேன். நாலாவது வாரக் கடைசியில், வருகிற திங்கட்கிழமை பேசி முடிவெடுக்கலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை என் மனைவிக்கு லீவு. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஐஸ்பெட்டியின் சுவிட்சை அடைத்து அரை மணி நேரம், காற்றாடியை அடைத்து அரை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரை இருண்ட நேரத்தையெல்லாம் எழுதினாள்.

"சாமி லைட்ட மட்டும் தொடாத. நேர்த்திக்கடன்" என்றேன்.

அவள் விளக்கைத் தொடவில்லை. சமையலறையிலிருந்த பழைய ரேடியோவை எடுத்து, எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தி, வீடு முழுக்க நடந்தாள். ஐஸ்பெட்டி அருகே லேசான இரைச்சல். சாமி மேடை அருகே போனதும் ரேடியோ காது கிழியக் கத்தியது.

"அலமாக்! சாமிகிட்டயா?" என்று பதறினேன்.

"சாமி என்னங்க பண்ணாரு? இந்த லைட்டோட அடாப்டர் லா. இதுல வர்ற கரண்ட் இரைச்சல்தான் உங்க ஸ்கிரீனுக்குப் போவுது. ஃபேக்டரியில டெக்னீஷியன் இப்படித்தான் தேடுவாரு."

"இன்னும் இருபத்தோரு நாள் இருக்கே. எப்படி அடைக்கிறது?"

விளக்கை எடுத்தால் நேர்ச்சை போச்சு, எடுக்காவிட்டால் வேலை போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் நிதானமாகப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். காமாட்சி விளக்கைத் துலக்கி, எண்ணெய் ஊற்றி ஏற்றி, தாமரை பக்கத்தில் வைத்தாள். சுடர் நின்று எரியும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினாள்.

"வெளக்கு அணையலையே, பாத்தீங்கல்ல?"

மறுபடியும் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை அது ஒருமுறைகூட இருளவில்லை. எனக்குத் தோன்றியிருந்தால் வெடுக்கென்று பிடுங்கியிருப்பேன், இல்லை பயந்து சும்மா இருந்திருப்பேன். இவ்வளவு கெட்டிக்காரியோடுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேனா என்று பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை கூட்டம் தடங்கலில்லாமல் முடிந்தது. வீட்டிலிருந்தே தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனபோது சாமி மேடையில் அந்த நோட்டு இருந்தது, புரட்டினேன். திரை இருண்ட நேரங்களுக்கு அடுத்த பக்கத்தில் 'எண்ணெய்' என்று தலைப்புப் போட்டு, புது வரிசை ஒன்று தொடங்கியிருந்தாள். நேற்றுப் பகலில் நான் ஊற்றியதையும் சேர்த்து, எல்லா நேரங்களும் இருந்தன. இரண்டு நாளும் ஒரு நேரம் மட்டும் மாறவில்லை: விடியற்காலை நாலு மணி. இரண்டு நாளும் நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

மீதிப் பத்தொன்பது நாளும் நாலு மணிக்கு நான்தான் எழுந்தேன்.