தமிழில் சொன்னால்தான் கேட்போம்

மேடை ஏறினால் எனக்குத் தலைகால் புரியாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "குடும்பமும் சமுதாயமும்" என்று யாராவது தலைப்புக் கொடுத்தால் போதும், ஒரு மணி நேரம் வெளுத்து வாங்குவேன். கள், சீட்டாட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதது, பதிவு செய்யாத கல்யாணம், மாமியார் மருமகள் சண்டை, எதையும் விட்டு வைக்க மாட்டேன். கைதட்டல் விழ விழ உள்ளே ஒரு கர்வம் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கர்வத்தில் ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை இத்தனை வயதாகியும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குப் பாதி தெரியும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் அடைந்ததற்கு, முந்தைய ஆண்டு எனக்கு இருபத்தேழு வயது. காஜா பேராங்கில் வாடகை வீடு. மலாக்கா ஆற்றுப் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. நிலத் தகராறு என்று வரும் மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு வழக்கறிஞருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. காலை எட்டு மணிக்கு மலாயில் வாயைத் திறந்தால் சாயந்தரம்தான் மூடுவேன். மலாயில் எனக்குக் கனவுகூட வரும்.

வேலை போக மீதி நேரமெல்லாம் சங்கம். ஒரு கடைவீட்டு மாடியில் நாற்பது பேர் சேர்ந்து நடத்தினோம், நான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்ப வழக்குக் கேட்போம். கோர்ட்டுக்குப் போகப் பயந்தவர்களும் போக வழியில்லாதவர்களும் எங்களிடம் வருவார்கள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கேட்போம். பத்தில் ஆறு பேர் திருந்தினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சங்கத்தில் தலைகுனிய நேர்ந்தால் ஊரில் நடமாட முடியாதென்று ஆண்பிள்ளைகள் பயந்த காலம் அது.

அந்தச் சங்கத்துக்கு நான் ஒரு விதி எழுதினேன். மாடிப்படி ஏறிவிட்டால் தமிழைத் தவிர வேறு பேச்சுக் கூடாது. வழக்குச் சொல்பவரும் தமிழில்தான் சொல்ல வேண்டும். மலாயும் ஆங்கிலமும் கலந்து கலந்து நம் பேச்சு கஞ்சியாகிவிட்டதென்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒரு விதவை அம்மாள் அழுதுகொண்டே, "எம் மவன் பசாருக்குப் போறேன்னு போனவன் மூணு நாளா வூட்டுக்கு வரலீங்க" என்றார். நான் குறுக்கே பாய்ந்து, "பசார் இல்லம்மா, சந்தை" என்றேன். "சந்தைக்குங்க" என்று திருத்திக்கொண்டு அந்த அம்மாள் மறுபடி அழுதார். அடப்பாவி, அப்போதாவது எனக்கு உறைத்திருக்கக் கூடாதா?

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் கம்போங் செட்டி. அங்கிருக்கும் செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவர்கள். கோயில், திருநீறு, பொங்கல், முன்னோருக்குப் படையல் எல்லாம் எங்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். பேச்சு மட்டும் மலாய், நடுநடுவே நாலு தமிழ்ச் சொல் வரும். பெண்கள் சாரோங்கும் கெபாயா சட்டையும் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்திருப்பார்கள். "பொட்டு வைத்த மலாய்க்காரர்கள்" என்று நான் ஒரு கூட்டத்தில் சொல்லப்போக மாடியே குலுங்கிச் சிரித்தது. எழுதவே கை கூசுகிறது.

எங்கள் சங்கத்தில் முதல் வரிசையில் உட்காரும் ஒரு லாரி ஓட்டுநர், செட்டிப் பெண் ஒருத்தியைக் கட்டியிருந்தார். எஸ்டேட்டில் பிறந்து டவுனுக்கு வந்தவர். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு எதுவும் கிடையாது. எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வளர்க்கப் போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பல பேர் அப்படிச் செய்தார்கள். மெர்டேக்கா வந்தால் நமக்குக் குடியுரிமை கிடைக்குமா, துரத்துவார்களா என்று ஒரே குழப்பம். அவருக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. பிள்ளைகள் தாயைப் போல மலாய் பேசின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மாடி ஏறி வந்தாள். முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கெபாயா, கையில் ஒரு கைக்குட்டை, அதைக் கசக்கிக்கொண்டே நின்றாள். முதல் வரிசையில் புருஷன் உட்கார்ந்திருந்தார். அவள் நேராக என் மேசைக்கு முன்னால் வந்து, "தோலோங், துவான்" என்று ஆரம்பித்தாள். உதவி செய்யுங்கள் ஐயா என்று அர்த்தம். அது தெரியாதவன் மலாக்காவில் உண்டா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? புரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தமிழில் சொல்லுங்கள்" என்றேன்.

அவள் விழித்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி மலாயில் வேகவேகமாகச் சொன்னாள். என் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றப் போகிறார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னையும் கூட்டிப்போகவில்லை, இவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார், சங்கம் சொன்னால் மட்டும் கேட்பார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. அலுவலகமாக இருந்தால் அவள் மூச்சு வாங்குவதற்குள் ஆங்கிலத்தில் எழுதி முடித்திருப்பேன்.

பின்னால் டீ கலக்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்தார். "தம்பி, அந்தப் புள்ள சொல்றத நான் வேணா தமிழ்ல எடுத்துச் சொல்லட்டுங்களா?"

"உட்காருங்க ஐயா. விதி விதிதான். இன்னைக்கு ஒருத்தருக்குத் தளர்த்துனா நாளைக்கு மாடி முழுக்க மலாய்தான் கேக்கும்."

அப்புறம் அவள் பக்கம் திரும்பி, சைகையோடு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "தமிழ் கத்துக்கிட்டு வாம்மா. அப்புறம் கேக்குறோம்" என்றேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். புருஷனும் தட்டினார். அவள் அந்தக் கைதட்டலைப் பார்த்து, ஏதோ நல்லது நடந்துவிட்டதென்று நினைத்தாளோ என்னவோ, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் சாயந்தரம் லாரிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பாஸ்போர்ட் தாள்கள். "அண்ணே, சங்கத்துக் கடுதாசி ஒண்ணு வெச்சா வேல சுருக்கா முடியும்னு சொல்றாங்க. உங்க இங்கிலீஸ்ல ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே." உங்கள் இங்கிலீஷ் என்று சொன்னதே எனக்குப் போதும். உட்கார்ந்து எழுதினேன். தகப்பனார் எங்களுக்கு நன்கு தெரிந்தவர், பிள்ளைகள் இன்ன முகவரியில் பெரியப்பா வீட்டில் வளர்வார்கள் என்று எழுதினேன். கடைசியில், தாயாருக்கு இதில் ஆட்சேபம் இல்லையென்று விசாரித்து அறிந்தோம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கடிதம் முழுமையாக இருக்கட்டுமென்று நானாகச் சேர்த்தது. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்று வழக்கறிஞர் அலுவலகத்துக் குமாஸ்தாவுக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டேன், சங்க முத்திரை குத்தினேன், ஒரு பிரதியைக் கோப்பில் சேர்த்தேன்.

சில வாரம் கழித்து என் மனைவி காய்கறிக் கூடையை அடுப்படியில் தொப்பென்று போட்டாள்.

"அந்தச் செட்டிப் பொண்ணு பசார்ல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. நீங்க மலாய் தெரியாத மாதிரி நின்னீங்களாமே? நெசமா?"

"சங்கத்துக்குன்னு ஒரு விதி இருக்கு."

"மண்ணாங்கட்டி விதி! மீன்காரன்கிட்ட வெல பேசுறப்ப வாயில மலாய் கொட்டுதில்ல? பெத்தவ அழுவுறப்ப மட்டும் வாய் அடைச்சுக்குமா? நீங்களெல்லாம் மனுசங்கதானா?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கப்பலுக்கு இன்னும் ஒம்போது நாளு இருக்காம். போயி அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

கடிதம் எழுதிக் கொடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

ஒன்பது நாளில் எட்டு நாள், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். போனால் கடிதத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். நான் செய்தது தப்பு என்று, என்னை அண்ணே என்று கூப்பிடும் மனிதரிடம் சொல்ல வேண்டும். அதற்கு நாக்கு வரவில்லை. ஒருநாள் மட்டும் அலுவலகம் விட்டு அவர் வீடு வரை நடந்தேன். வாசலில் இரண்டு பிள்ளைகளும் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் என்னைப் பார்த்து எழுந்து, அப்பா லாரியில் போயிருக்கிறார், அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அதையும் மலாயில்தான் சொன்னேன். உள்ளேயிருந்து யார் அது என்று தாயின் குரல் கேட்டது. நான் விறுவிறுவென்று நடந்து தெருமுனை திரும்பிவிட்டேன்.

பினாங்கில் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று சங்கத் தலைவர் கூட்டத்தில் சொன்னார். பிள்ளைகள் இனித் தமிழில் வளரும் என்று அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்புவதாகச் சொல்லிப் போன லாரிக்காரரும் அங்கேயே தங்கிவிட்டார்.

மெர்டேக்கா வந்தது. திடலில் ஊரே கூடிக் கூச்சல் போட்டது, நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண் மறுபடி மாடி ஏறி வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"வணக்கம். எனக்கு ரெண்டு பொண்ணு. பெருசுக்கு எட்டு வயசு, சின்னதுக்கு அஞ்சு வயசு. அவங்க அப்பா கப்பல்ல கொண்டு போறாரு. நான் பெத்தவ. என்னைக் கேக்கல. நீங்க சொன்னாக் கேப்பாரு. தயவுசெஞ்சு சொல்லுங்க."

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாளிடம், நான் திருப்பி அனுப்பிய மறுநாளிலிருந்து தினம் போய் உட்கார்ந்து பாடம் பண்ணியிருக்கிறாள். முழுதாக நாக்கில் நிற்பதற்குள் கப்பல் போய்விட்டது. வேறெதுவும் இப்படித் தடங்கலில்லாமல் சொல்ல வராததால் அதையே சொன்னாள்.

மாடி அதிரக் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து, "பாருங்கள்! மனம் வைத்தால் முடியாதது உண்டா?" என்று முழங்கினார். பிள்ளைகள் போன விஷயம் அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. டீ கலக்கும் பெரியவர் மட்டும் கிளாஸ்களை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் தலையைக் குனிந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப் போகலாம் போலிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் அவள் நின்றாள். பிள்ளைகளின் முகவரி வேண்டும், கடிதம் போட வேண்டும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். சங்கத்துக் கோப்பில் இருக்குமென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கத்தான் செய்தது. என் கடிதத்தின் பிரதியில், தாயாருக்கு ஆட்சேபம் இல்லை என்ற வரிக்கு இரண்டு வரி மேலே. ஒரு துண்டுத் தாளில் முகவரியை எழுதினேன். அவள் பார்த்துவிடாமல் கோப்பை மூடினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத பெண்ணிடமிருந்து மறைத்தேன்.

எழுந்து நின்று, மலாயில், "என்னை மன்னித்துவிடு" என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "வேணாம். தமிழ்ல பேசுங்க. நான் பழகணும். எம் புள்ளைங்க வந்தா, அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்."

அவள் கேட்டபடி தமிழில் சொன்னேன். "தங்கள் குழந்தைகள் தங்களை விட்டுப் பிரிந்தமைக்கு அடியேன் வரைந்த பொய்ச் சான்றே காரணம். தங்கள் இசைவின்றியே இசைவு உண்டெனக் கையொப்பமிட்ட பாவி யான்." மேடைத் தமிழ், மேடை வேகம். ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாதென்று தெரிந்தே சொன்னேன்.

அவள் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, கூச்சத்தோடு சிரித்தாள்.

"எனக்குப் புரியல. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. முகவரி சரியா இருக்குன்னு சொன்னேன்" என்றேன்.

அவள் தாளை நாலாக மடித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, புதிதாகக் கற்ற சொல்லைத் தப்பில்லாமல் சொன்னாள். "நன்றி ஐயா."