கண்ணாடியைக் கழற்றுபவர்

கருத்தடை ஊசியால் எனக்குத் தீராத தலையிடி வந்தது. அந்த மருந்துக் கம்பனிமேல் பல பெண்கள் போட்ட வழக்கில் நானும் சேர்ந்தேன். நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், சட்டத்தரணியின் அறைக்குள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வந்தவரைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தேன். எங்கள் கோயிலில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். பெரிய மீசை, கழுத்துவரை பூட்டிய சட்டை, தடித்த கண்ணாடி. அதே கோயிலில்தான் என் மாமியார் இன்னொரு பேரப்பிள்ளை கேட்டு வாராவாரம் மெழுகுதிரி கொளுத்துகிறார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். சட்டத்தரணி பிரெஞ்சில் கேட்டதைச் சுவரைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

“எத்தினை வருசம் அந்த ஊசி போட்டனீங்கள்?”

“நாலு வருசம். அண்ணை, மாமிக்குத் தெரியாது.”

“கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஆக்களைத் தெரியாது, தங்கச்சி. நீங்கள் ஆரெண்டே எனக்குத் தெரியாது.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி என்னை அவர் முன்னால் இழுத்துப்போனார்.

“என்ரை மருமகளுக்கு ஒரு பிள்ளை கிடைக்க நீங்களும் மன்றாடுங்கோ.”

உடனே கண்ணாடி சட்டைப்பைக்குள் போனது. பக்கத்துத் தூணைப் பார்த்து, “இவவோ மருமகள்?” என்று கேட்டார்.

“பாவம், மனுசனுக்குக் கண் தெரியேல்லை” என்றார் மாமி. இப்போது அந்த மனுசனின் கண்ணுக்கும் சேர்த்து மாமி இரண்டு மெழுகுதிரி கொளுத்துகிறார்.

இரண்டாவது திரிக்கு நானும் முழங்காலில் நிற்கிறேன். அந்தக் கண் அப்படியே இருக்கட்டும், ஆண்டவரே.