ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் துண்டு எழுதிய நானும்

இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அங்கே எவ்வளவு ஏச்சு விழும் என்று. உங்களில் யாராவது வரிசையில் நிற்கும் ஐம்பது பேருக்கு எண் போட்டுத் துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால், மேற்கொண்டு நான் விளக்கவே வேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைவீதியில் எங்கள் மாதர் சங்கம் ஓர் அரிசிக் கடையின் மாடியில் இலவச கிளினிக் நடத்தியது. தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு என்பதால் கிளினிக்கும் ஞாயிறு மட்டுந்தான். வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், வாரத்தில் தமக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ரயிலேறி வருவார். நான் துணிக்கடைக்காரர் மகள், இருபது வயது. துண்டு எழுதுவது என் வேலை. அதனால் தோட்டத்துப் பெண்களுக்கு நான் கிளாக்கரம்மா.

தமிழுக்குத் தமிழ்

முதல் நாள், முதல் நோயாளி காத்தாயி. டாக்டர் அன்பாகத்தான் கேட்டார்: "என்ன செய்யுது?"

"கொழுந்து எடுக்குறேங்க."

"அதில்லை, உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒடம்புதாங்க எல்லா வேலையும் செய்யுது."

அதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. டாக்டர் விடவில்லை. "இந்த இருமல் எத்தனை கிழமையா இருக்கு?" காத்தாயி யோசித்துப் பார்த்து, "எல்லாக் கிழமையும் இருமுறேங்க" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் 'என்ன செய்யுது' என்றால் என்ன நோவு என்று அர்த்தம், கிழமை என்றால் வாரம். அன்றிலிருந்து துண்டு எழுதுவதோடு தமிழைத் தமிழாக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே எங்கள் சொற்களை ஒரு குட்டி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். மருந்தை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது காத்தாயி என் காதோரம் சொன்னாள்:

"ஐயா ரொம்ப நல்லவருங்க. பாவம், தமிழ்தான் வரல."

பாதை உடைந்த ஞாயிறு

ஆடி மழையில் ஒரு ஞாயிறு ரயில் பாதையில் மண் சரிந்து, வண்டி முந்தின ஸ்டேஷன் கொட்டகலையிலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. சங்கத் தலைவி மீனாட்சி அம்மாள், "எல்லாரையும் அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கென்ன, வெளியே வந்து சொல்ல வேண்டியவள் நான்தானே?

மழைக்குக் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு மைல், ஐந்து மைல் நனைந்து வந்த பெண்கள். சும்மா போவார்களா? கைப்பிள்ளைக்காரி ஒருத்தி என் வம்சத்தையே விசாரிக்கத் தொடங்கினாள். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தால், ஒரு கையில் குடையும் மறு கையில் காலிலிருந்து கழற்றிய சப்பாத்துமாக டாக்டர் வீதியில் வந்துகொண்டிருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு. கொட்டகலையிலிருந்து தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, இருட்டுச் சுரங்கத்துக்குள்ளும் நடந்தே வந்திருக்கிறார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கைப்பிள்ளைக்காரிக்கு அப்படியொன்றும் ஆகவில்லை.

"பாத்துக்கங்க கிளாக்கரம்மா, வரமாட்டாருன்னு சொன்னது நீங்கதான். அவரு சொல்லல."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

முனியம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆம்பளை டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்று எழுந்துவிட்டாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. எழுந்து வெளியே மாடி வராந்தாவுக்குப் போய், மழைச் சாரலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "பிள்ளை, நீர் தொட்டுப் பார்த்துச் சொல்லும். என்ன அளவு? விரலுக்கு நகருதோ, அசையாமல் நிற்குதோ?" என்று அங்கிருந்தே என்னைக் கேட்டார்.

என் வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை. தொட்டேன். "நெல்லிக்காய் அளவு. நகரவில்லை" என்றேன். டாக்டர் திரும்பிப் பாராமலே, "இந்தக் கிழமையே கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும்" என்றார்.

மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முனியம்மா தயங்கினாள். எப்போதும் எல்லாரையும் அதட்டுகிற மீனாட்சி அம்மாள், "என் வீட்டில் விட்டுட்டுப் போ" என்று அவளையும் அதட்டினார். முனியம்மா போனாள். கண்டியில் ஆபரேஷன் நடந்து பிழைத்தாள். சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவளிடம், டாக்டர் சொன்னதை நம்பித்தானே போனாய் என்று கேட்டேன்.

"இல்லீங்க. தொட்டுப் பாக்கையில ஒங்க கை நடுங்குனுச்சு. அதப் பாத்துத்தாங்க போனேன்."

ஒரு மாலை

ஐந்தாம் வருஷம் டாக்டருக்கு மாற்றல் வந்தது. சங்கம் பாராட்டு விழா எடுத்தது. பொன்னாடை, வெள்ளித் தட்டு, கடைவீதி முதலாளிமாரின் நீண்ட பேச்சுகள். மேடையில் டாக்டர் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து செவந்திப்பூ மாலையோடு ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் ராமாயி.

முந்தின வருஷம் காய்ச்சல் முற்றிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். டாக்டர் கிளினிக் முடிந்ததும் அவளோடேயே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனார். மாலை வரை போராடியும் குழந்தை தங்கவில்லை. இப்போது அத்தனை பேர் முன்னால் என்ன கேட்கப்போகிறாளோ என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். டாக்டரும் அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

அவள் மாலையைப் போட்டாள். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, நிதானமாகச் சொன்னாள்:

"எம் புள்ள பொழைக்கலைங்க. ஆனா எங்க லயத்துக் காம்பராவுக்குள்ள தலை குனிஞ்சு நுழைஞ்ச மொத பெரிய மனுசன் இவருதான். புள்ளைக்கு மூச்சு நிக்கிற வரைக்கும் அது கையப் புடிச்சிக்கிட்டுத் தரையில ஒக்காந்திருந்தாரு. அதுக்குத்தாங்க இந்த மால."

நன்றியுரைக்காக நான் எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஐந்து வருஷத்தில் டாக்டரிடமிருந்து எனக்கு வைத்தியமும் வரவில்லை, பொறுமையும் வரவில்லை. கையெழுத்து மட்டும் அப்படியே வந்துவிட்டதால், நான் எழுதும் கடிதங்களை இன்றைக்கும் மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் என் சொந்தக்காரர்கள் படித்துக்கொள்கிறார்கள்.