ஓரத்துப் பட்டனில் சந்தனம்

என் மகளின் வேலை ஒரு கறுப்புத் திரையில் நடந்தது. அதில் படம் எதுவும் கிடையாது. எழுத்தாக அடித்தால் எழுத்தாகவே பதில் வரும். சென்னையில் உள்ள ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை, கீரனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டாள்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்தில் இரண்டு தடவை பஸ்ஸில் திருச்சிக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அதற்காகத்தான் மகள் கெஞ்சிக் கேட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். கூப்பிட்ட நேரத்துக்கு வேலை நடக்கவில்லை என்றால் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். புது ஆள் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஆஸ்பத்திரியில் பேசுவது, கேட்பது எல்லாம் மகள்தான்.

ஆயுத பூஜையன்று மனைவி சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். அரிவாள், மண்வெட்டி, என் வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மூடி மேல மட்டும் வையி. உள்ள திறக்காத" என்றாள் மகள்.

"மம்பட்டிக்கு முகத்துல வைக்கிறேன். ஒனக்குச் சோறு போடுறதுக்கு முதுகுல வைக்கணுமாக்கும்?"

மகள் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள். மனைவி மூடியைத் திறந்து, இடது ஓரத்தில் கீழே இருந்த பட்டனில் கொழகொழவென்று சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாள். "அ ஆ மாதிரி ஒத்தை எழுத்து இருக்கிற பட்டன்லாம் வேலை செய்யும். இது சும்மா ஓரத்துலதானே இருக்கு" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்போம். காலையில் மகள் அதை எடுத்து ஈரத் துணியால் துடைத்தாள். மேலே சுத்தமாகத்தான் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மற்றவர்கள் எல்லாம் லீவு, பொறுப்பு இவளுடையது. கறுப்புத் திரையைத் திறந்து மளமளவென்று அடித்தாள். தப்பாக ஒன்று ஓட ஆரம்பித்ததும் அதை நிறுத்த அந்த ஓரத்துப் பட்டனோடு இன்னொன்றைச் சேர்த்து அமுக்கினாள். அதற்குப் பிறகு எழுத்தே ஏறவில்லை. ஒன்றை அமுக்கினால் திரை உறைந்து நின்றது. இன்னொன்றை அமுக்கினால் அதுவே மூடிக்கொண்டது.

"அங்கிட்டு சென்னையில மெஷின் தொங்கி நிக்குதுப்பா" என்றாள். நெட்டாக இருக்குமோ என்று என் போனிலிருந்து இணைத்தாள். கறுப்புத் திரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏதோ அடிக்கப் பார்த்தாள். அதற்கும் எழுத்து ஏறவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். போனில் மேலதிகாரியின் குரல்:

"என்னம்மா, உள்ள போயிட்டியா இல்லையா?"

"போறேன் சார். டைப் பண்றது ஏற மாட்டேங்குது."

"ஊர்ல இருந்தா இப்படித்தாம்மா."

அவள் போனைக் கீழே வைத்தாள். கடைசியில் கடிதம் எழுதும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெறும் 'எஸ்' அமுக்கினாள். எழுத்து விழவில்லை. 'சேமிக்கவா' என்று ஒரு பெட்டி வந்து கேட்டது.

"அப்பா, அங்கிட்டு ஒண்ணுமில்ல. கண்ட்ரோல் பட்டன் அமுங்குனபடியே இருக்கு. நான் எதைத் தொட்டாலும் அதோட சேர்த்துத்தான் எடுத்துக்குது."

கொண்டை ஊசியால் அந்தப் பட்டனை நெம்பினாள். பட்டனின் மேல்மூடி கழன்று வந்தது. அடியில் சந்தனம் காய்ந்து, காரை மாதிரி பிடித்திருந்தது. என் மனைவி வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

சுரண்டி எடுத்து மகள் மறுபடி கறுப்புத் திரையைத் திறந்தபோது வேலை முடிந்திருந்தது. லீவில் இருந்த யாரோ ஒருவர் லீவை விட்டுவிட்டு வந்து சரிசெய்துவிட்டார். திங்கட்கிழமை முதல் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். தாமதத்துக்கு மேலதிகாரி காரணம் கேட்டதற்கு, "கீபோர்டு ரிப்பேர் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"சொல்லியிருக்கலாமே ஆத்தா" என்றேன்.

"என்னன்னுப்பா? எங்கம்மா பொட்டு வச்சாங்கன்னா?"

மனைவி அன்று சாப்பிடவில்லை. "ஒனக்குன்னுதானே வச்சேன்" என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம், "விடும்மா, எல்லாரையும்தான் கூப்பிடுறாங்க" என்று மகள் பொய் சொன்னாள். மனைவி நம்பவில்லை.

புறப்படும்வரை மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எடை எவ்வளவுன்னு கேப்பாங்க. தண்ணி எவ்வளவு குடிச்சாங்கன்னு கேப்பாங்க. கால் இழுத்துக்கிச்சுன்னா உடனே நர்ஸக் கூப்பிடுங்க. சத்தமாக் கூப்பிடணும்ப்பா."

"கூப்பிடுறேன்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவர் மட்டும் திருச்சிக்குப் போனோம். மனைவியை மெஷினோடு சேர்த்துப் படுக்க வைத்தார்கள். பாதி நேரத்தில் அவளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கோடியில் நர்ஸ் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எழுந்தேன். "அம்மா" என்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

"கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

நான் அவள் காலைப் பிடித்து நீவிவிட ஆரம்பித்தேன்.